பம்பு ஏன் தானாக ஓடுகிறது? கேம்பர் டிரெய்லர் தண்ணீர்க் கசிவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சின்ன கேம்பர் டிரெய்லரில் (காரின் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் வண்டி) 50 லிட்டர் டேங்க், 12 வோல்ட் பம்பு, ஒரு சிங்க், ஒரு ஷவர் இருக்கின்றன. எல்லாக் குழாயையும் மூடிவிட்டுப் படுத்தாலும் ராத்திரியில் பம்பு அவ்வப்போது ஒரு நொடி ஓடி நிற்கிறது. தரையில் ஈரம் இல்லை. பம்பை மாற்ற வேண்டுமா? – வாசகர், தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். இந்த டயஃப்ரம் பம்பில் (ரப்பர் தகடு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை) பிரஷர் சுவிட்ச் ஒன்று உண்டு. லைனில் அழுத்தம் 35 முதல் 45 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தை அளக்கும் அலகு) வரை ஏறியதும் பம்பு நின்றுவிடும், இறங்கினால் மறுபடி ஓடும். உங்கள் பம்புக்கு எத்தனை என்பது அதன் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். யாரும் குழாயைத் திறக்காதபோதே ஓடுகிறது என்றால் அழுத்தம் எங்கோ இறங்குகிறது. ஒன்று, தண்ணீர் வெளியே கசிய வேண்டும். இல்லாவிட்டால், பம்புக்குள் இருக்கும் வால்வ் சரியாக மூடாமல் தண்ணீர் டேங்குக்கே திரும்ப வேண்டும்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க, பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கம் அரை அங்குல பால் வால்வ் (கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினால் மூடும் வால்வ்) ஒன்றைப் போடுங்கள். பம்பை ஆன் செய்து, அழுத்தம் ஏறி அது நின்றதும் வால்வை மூடுங்கள். அதன் பிறகும் பம்பு விட்டுவிட்டு ஓடினால் கோளாறு பம்பில். ஓடாமல் அமைதியாக இருந்தால் கோளாறு வால்வைத் தாண்டிய லைனில். செலவு ஒரு வால்வுதான், ஆனால் வீணாகப் புதுப் பம்பு வாங்குவதைத் தடுக்கும்.

பம்பில்தான் கோளாறு என்றால் முதலில் அதன் முன்னால் இருக்கும் ஃபில்டரைக் கழற்றிக் கழுவுங்கள். பிறகு பம்பின் தலைப்பகுதியைத் திறந்து, ரப்பர் வால்வின் உதட்டில் மணலோ உப்புப் படிவோ இருக்கிறதா என்று பாருங்கள். கடலோர போர் தண்ணீரை நிரப்புகிறவர்களுக்கு அந்த வெள்ளைப் படிவு வருவது சகஜம். வினிகர் கலந்த தண்ணீரில் சிறிது நேரம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் அந்த ரப்பர் வால்வை மாற்ற வேண்டும்.

லைனில் கசிவு என்றால் ஸ்பேனரை எடுக்கும் முன் டிஷ்யூ பேப்பரை எடுங்கள். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு டிஷ்யூவைச் சுற்றி, பம்பை ஆனில் ஒரு மணி நேரம் விடுங்கள். கண்ணுக்குத் தெரியாத கசிவும் அதில் ஈரத் திட்டாகத் தெரியும். குழாயின் அடிப்பக்கமாகவே தண்ணீர் ஓடி வேறு இடத்தில் சொட்டும் என்பதால், சொட்டும் இடத்தை நம்பாமல் ஈரம் தொடங்குகிற மேட்டைத் தேடுங்கள். தரையில் ஈரம் தெரியாததால் கசிவே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். பிளைவுட் சத்தமில்லாமல் உறிஞ்சிவிடும்.

டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் டியூபில் கசிவு இருந்தால் அடையாளமே வேறு. அங்கே பம்பு உறிஞ்சுவதால் தண்ணீர் வெளியே வராது, காற்று உள்ளே போகும். குழாய் விட்டுவிட்டுத் துப்பும்.

கேள்வி: வீட்டுக்குப் போடுவது போலவே சி.பி.வி.சி. பைப் (வளையாத பிளாஸ்டிக் பைப்) போட்டோம். புதுச்சேரியிலிருந்து பிச்சாவரம் போய் வந்தாலே ஏதாவது ஒரு எல்போ (பைப் திரும்பும் இடத்து ஜாயின்ட்) விட்டுவிடுகிறது. ஒட்டும் சால்வென்ட்டின் தரம் சரியில்லையா? – வாசகி, லாஸ்பேட்டை

பதில்: சால்வென்ட்டைக் குறை சொல்ல முடியாது. வீட்டுச் சுவர் அசையாது, டிரெய்லர் ஒவ்வொரு வேகத்தடையிலும் முறுக்கிக்கொள்ளும். பம்பின் அதிர்வும் அதோடு சேர்கிறது. வளையாத பைப்பில் அந்த அசைவு முழுவதும் எல்போவின் கழுத்தில்தான் போய் நிற்கும். எல்போவை மட்டும் மாற்றினால் அடுத்த பயணத்தில் பக்கத்து எல்போ விடும்.

பம்பின் இரண்டு பக்கமும் ஒன்றரை அடி நீளத்துக்கு நூல் பின்னிய ஓஸ் போடுங்கள். நேராக இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தொய்வு விடுங்கள். பைப்பை ஒன்றரை அடிக்கு ஒரு கிளாம்ப் வீதம் பிடித்து நிறுத்துங்கள். பிளைவுட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள். நிறைந்த டேங்க் 50 கிலோ எடை, அது அரை அங்குலம் நகர்ந்தாலும் அதன் நிப்பிள் (பைப் மாட்டும் குட்டைக் குழல்) தாங்காது. எனவே டேங்கைப் பட்டை போட்டு இறுக்குவதும் பிளம்பிங் வேலைதான்.

விட்ட ஜாயின்ட்டின் மேல் சால்வென்ட்டைப் பூசிப் பயனில்லை. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதிய எல்போ, கப்ளிங் (இரண்டு பைப்பை நேராக இணைக்கும் துண்டு) போட வேண்டும். பைப் காய்ந்திருக்க வேண்டும், வெட்டு நேராக இருக்க வேண்டும், பிசிறை எடுத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சி.பி.வி.சி.க்கு உரிய சால்வென்ட்டைத் தடவி, கால் சுற்றுத் திருகி உள்ளே தள்ளி, அரை நிமிடம் அசையாமல் பிடியுங்கள். முழு அழுத்தம் கொடுக்க ஒரு நாள் பொறுங்கள்.

கேள்வி: டெஃப்லான் டேப் எத்தனை சுற்று? சணல் சுற்றி பெயின்ட் அடித்தால் இன்னும் உறுதி என்கிறாரே பிளம்பர்? – வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: வெளிப்பக்கம் மரை உள்ள துண்டின் முனை உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, கடிகாரம் சுற்றும் திசையில் ஐந்திலிருந்து ஏழு சுற்று. கையால் இறுகும் மட்டும் திருகி, பிறகு ஸ்பேனரில் ஒன்று அல்லது ஒன்றரைச் சுற்று. ரப்பர் வாஷர் உள்ள ஃபிளெக்ஸிபிள் கனெக்ஷனுக்கு டேப்பே வேண்டாம், அங்கே தண்ணீரை நிறுத்துவது வாஷர்தான். சணலும் பெயின்ட்டும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புக்குச் சரி. பிளாஸ்டிக்கில் சணல் ஊறிப் பருத்து ஃபிட்டிங்கை விரியவைக்கும், பெயின்ட்டில் உள்ள எண்ணெய் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். பித்தளை நிப்பிள் ஏறும் இடத்தில் உள்ளே பித்தளை மரை வைத்த எஃப்.டி.ஏ. (உள்பக்கம் மரை உள்ள இணைப்பு) வாங்குங்கள்.

கேள்வி: ஓஸை இறுக்கும் கிளிப்பை ஸ்டீல் கிளிப் என்று சொல்லி வாங்கியும் துருப்பிடிக்கிறது. – வாசகர், வீராம்பட்டினம்

பதில்: பட்டை எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஆக இருக்கும், திருகும் ஸ்குரூ சாதா இரும்பாக இருக்கும். கடைக்கு ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஸ்குரூவைப் பலமாகக் கவ்வினால் வாங்க வேண்டாம். கடற்காற்றுக்கு 316 தரம்தான் தாங்கும். மாட்டும்போது ஓஸின் பழைய முனையை ஒரு அங்குலம் வெட்டி, வெந்நீரில் முக்கி இளக்கி முழுக்கத் தள்ளுங்கள். எண்ணெய் தடவ வேண்டாம்.

கேள்வி: 10 லிட்டர் கீஸர் சூடாகும்போது மட்டும் சேஃப்டி வால்விலிருந்து சொட்டுகிறது. அடைத்துவிடலாமா? – வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: அடைக்கவே கூடாது, கீஸர் வெடிக்கும் ஆபத்து உண்டு. 30 டிகிரி தண்ணீர் 65 டிகிரிக்கு ஏறும்போது 10 லிட்டருக்கு ஏறத்தாழ 150 மில்லி விரியும். பம்பின் வால்வ் அதைப் பின்னால் போக விடாததால் சேஃப்டி வால்வ் வழியாக வெளியேறுகிறது. அது தன் வேலையைச் செய்கிறது. லைனில் சின்ன பிரஷர் டேங்க் ஒன்றைச் சேர்த்தால் சொட்டுவது நிற்கும், பம்பு அடிக்கடி ஓடுவதும் குறையும். ஆறிய பிறகும் சொட்டினால் வால்வை மாற்றுங்கள்.

கேள்வி: டேங்கில் விரிசல். எம்-சீல் ஒட்டினேன், இரண்டு நாளில் உரிந்துவிட்டது. – வாசகர், வில்லியனூர்

பதில்: பாலிஎத்திலீன் டேங்கில் சாதாரணப் பசை எதுவும் நிலைத்து ஒட்டாது. அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். விரிசலின் இரு முனையிலும் 3 மில்லிமீட்டர் துளை போட்டுவிட்டு வெல்டிங் செய்தால் அது மேலும் ஓடாது.

கேள்வி: ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் சிங்க் அடியில் ஈரம். மழையா, பைப்பா? – வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: டேங்கைக் காலி செய்து, குழாய்களைத் திறந்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, மழையில் இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள். ஈரம் வந்தால் ஜன்னல் ரப்பரையும் கூரை ஸ்குரூக்களையும் பாருங்கள். வராவிட்டால் சிங்கை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு வேஸ்ட் கப்ளிங்கின் (சிங்க் தண்ணீர் வெளியேறும் இணைப்பு) அடியில் கை வையுங்கள். மெதுவாக ஊற்றினால் அந்தக் கசிவு தெரியாது. ஸ்குரூடிரைவர் முனை எளிதாக இறங்குகிற அளவு தரைப் பிளைவுட் ஊறியிருந்தால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்து ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் போடுங்கள். வெட்டிய ஓரங்களில் எபாக்சி பூசிய பிறகே மூடுங்கள்.