புதுச் சாலை போடும் முன் பழைய சாலையை ஏன் சுரண்டி எடுக்கிறார்கள்?

இந்த வேலைக்கு மில்லிங் என்று பெயர். பல் வைத்த உருளை கொண்ட இயந்திரம் பழைய தாரின் மேல்பகுதியைச் சீவி எடுத்துவிடும். அப்புறம் அதே கனத்துக்குப் புதுத் தார் போடுவார்கள்.

காரணம் சாலையின் உயரம்தான். மேல் அடுக்கு பொதுவாக 30 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். சுரண்டாமல் 40 மில்லிமீட்டர் வீதம் நான்கு முறை போட்டால் 160 மில்லிமீட்டர், அதாவது அரை அடிக்கும் மேல். வாசலில் ஒரு படி அப்படியே காணாமல் போய்விடும். சென்னையின் பழைய தெருக்களில் பாருங்கள்: ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறார்கள். மழை பெய்தால் தண்ணீர் வடிகாலுக்குப் போகாமல் கூடத்துக்குள் வருகிறது. வீட்டைத் தூக்கிக் கட்ட எல்லோராலும் முடியுமா? அதனால்தான் 2021-ல் அப்போதைய தலைமைச் செயலர் இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதியது போட வேண்டும் என்று அறிவுறுத்தினார்.

இன்னொரு காரணமும் உண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பொருக்கு விட்ட பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசினால், அடுத்த மழைக்குள் இரண்டும் சேர்ந்தே உதிரும். வெடித்துப்போன தாரின் மேல் போடும் தாரும் அப்படித்தான்.

“நல்ல சாலையைச் சுரண்டிக் கெடுக்கிறார்கள், கனமாக இருந்தால்தானே உறுதி” என்று பலர் நினைக்கிறார்கள். சரி, கனம் தேவைதான், ஆனால் சாலையைப் பெரிதும் தாங்குவது அடியில் இறுக்கிய ஜல்லியும் மண்ணும், அவற்றை மில்லிங் தொடுவதில்லை.