இரண்டு கிழமைக் குஞ்சுக்குத் தடுப்பு மருந்தா?

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். தோட்டத்துக் குளத்தில் விட ரோகு, கட்லா என்ற கெண்டை இன மீன்குஞ்சு வாங்கப் போகிறாராம். பொரித்து இரண்டு கிழமைதான். கொண்டுவருகிற ஆள், ‘இந்தத் தூளைக் கரைத்து நனைத்து எடுத்தால் ஒரு நோயும் அண்டாது’ என்று கூடுதல் காசு கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம்.

கோழிக்குஞ்சுக்குப் பொரித்த அன்றே தடுப்பூசி போடுகிறார்களே என்பீர்கள். கோழி முட்டைக்குள் மூன்று கிழமை வளர்ந்து வருகிறது. ரோகு முட்டை ஒரு நாளுக்குள் பொரித்துவிடும், குஞ்சுக்கு அப்போது வாய்கூடத் திறந்திராது. கிருமியைக் கண்டதும் விழுங்குகிற அணுக்கள் அதற்கு முதல் நாட்களிலேயே உண்டு. கிருமியை நினைவில் வைத்து, அதை மடக்குகிற புரதமான பிறபொருளெதிரியைச் செய்கிற அணுக்கள்தான் பிந்தும். அவை செவுளுக்கு மேலே இருக்கிற தைமஸ் என்ற சுரப்பியிலும், தலையை ஒட்டிய சிறுநீரகத்திலும் மெல்ல மெல்லத் தேறவேண்டும். கெண்டை மீனில் இதற்கு ஏறக்குறைய நாலு கிழமை எடுக்கிறது. அதற்கு முன் மருந்தைக் காட்டினால், உடல் அந்தக் கிருமியைத் தன்னுடையதென்று எடுத்துக்கொண்டு பிறகும் எதிர்க்காமல் விடக்கூடும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. தாய்மீன் ஒரு நோயைக் கண்டு தப்பியிருந்தால், அல்லது அதற்கு ஊசி போட்டிருந்தால், அதன் பிறபொருளெதிரி மஞ்சள் கருவோடு குஞ்சுக்கும் போகும். உடனே ‘தாய்க்கு ஊசி போட்ட குஞ்சு’ என்று ஒரு விலை சொல்லுவார்கள். தாய் கண்ட, அல்லது ஊசி போட்ட, அந்த ஒரு நோய்க்குத்தான் அது. குஞ்சு தானாகச் செய்வதும் அல்ல, தாய் கொடுத்ததுதான். அதனால் நாளாக நாளாகக் குறைந்து தீர்ந்துபோகும். உங்கள் கைக்கு வரும்போது எவ்வளவு மிச்சம் என்று விற்பவருக்கும் தெரியாது.

எந்தக் கிருமிக்கான மருந்து என்று அவரிடம் கேளுங்கள். ‘எல்லாத்துக்கும்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குளிசையை உடைத்துத் தண்ணீரில் போடச் சொல்லுவதையும் கேட்காதீர்கள்.

விரல் நீளக் குஞ்சாக வாங்குங்கள். வெள்ளைப் பேசினில் நாலைந்தை விட்டுக் கையால் தண்ணீரைச் சுழற்றுங்கள். நல்ல குஞ்சு சுழியை எதிர்த்து நீந்தும், நோஞ்சான் நடுவில் ஒதுங்கும். எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்றுதான் எல்லாரும் எழுதிக்கொண்டு போகிறார்கள். மூன்று மாதம் கழித்து எத்தனை மிச்சம் என்று கேட்க ஒருவரும் வருவதில்லை. அந்தக் கணக்கை நீங்களே எழுதுங்கள்.

அப்புறம், பையை உடனே அவிழ்க்கவேண்டாம். இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பொழுது சாயும் நேரத்தில் விடுங்கள்.