ஐஸ் இல்லாத நாட்களில் ஹொக்கி: வாசகர் கேள்விகள்

ஐஸ் ஹொக்கி லீக் ஆட்டங்கள் முடிந்துவிட்டன. ஐஸ் தளத்தில் நேரம் கிடைப்பது குறைவு, பிள்ளைகளோ வீட்டில் சும்மா இருக்கிறார்கள். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இதைப் பற்றியே.

மகனுக்கு 10 வயது. மூச்சு தாங்கட்டும் என்று தினமும் 5 கிலோமீற்றர் ஓட விடுகிறேன். அது போதுமா?
– ஒரு தந்தை, ஸ்காபரோ

ஓடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் ஐஸில் அவன் ஒரு தடவை இறங்கினால் முக்கால் நிமிடத்தில் திரும்பி வந்து வாங்கில் இருப்பான். அரை மணி நேரம் ஒரே வேகத்தில் ஓடிப் பழகிய உடம்புக்கு அந்த முக்கால் நிமிடத்தின் வெடிப்பான வேகம் வராது. இன்னொன்று, ஓடும்போது கால் பின்னுக்குத் தள்ளுகிறது. ஸ்கேட் போட்டால் பக்கவாட்டில் தள்ள வேண்டும். அதுவும் பெரும்பாலான நேரம் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு. அதனால் ஒற்றைக்கால் பலத்திலிருந்து தொடங்குங்கள்.

வீட்டுப் படிக்கட்டின் கடைசிப் படி போதும். ஒரு காலில் படியில் நின்று, மற்றக் காலின் குதி நிலத்தைத் தொடும்வரை மூன்று எண்ணி மெதுவாக இறங்கி ஏற வேண்டும். காலுக்கு 6 தடவை, மூன்று சுற்று. நீங்கள் முன்னால் இருந்து முழங்காலை மட்டும் பாருங்கள். அது இரண்டாவது கால்விரலுக்கு நேரே நிற்க வேண்டும். உள்ளே சரிந்தால் இடுப்புத் தசை இன்னும் தாங்கவில்லை. படிக்குப் பதிலாகத் தடித்த புத்தகம் ஒன்றை வைத்து உயரத்தைக் குறையுங்கள். எண்ணிக்கையைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள், சரிவுதான் பழகிவிடும்.

அடுத்தது பக்கவாட்டுப் பாய்ச்சல். இடக்காலில் இருந்து வலக்காலுக்கு இரண்டு மூன்று அடி பாய்ந்து, இறங்கிய இடத்தில் இரண்டு வினாடி அசையாமல் நிற்பது. பக்கத்துக்கு 5, மூன்று சுற்று. ‘தொப்’ என்று சத்தம் கேட்டால் முழங்காலை மடக்காமல் இறங்குகிறான் என்று அர்த்தம். நிற்க முடியாமல் தள்ளாடினால் தூரத்தைக் குறையுங்கள். கடைசியாக, ஒரு சிறு ஏற்றத்தில் 10 வினாடி முழு வேகத்தில் ஓடிவிட்டு ஒரு நிமிடம் நடக்கட்டும், 6 தடவை. கிழமைக்கு இரண்டு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு. எல்லாம் சேர்ந்து 40 நிமிடத்தைத் தாண்டத் தேவையில்லை.

மகள் 8 வயது. கராஜ் கொங்கிரீட்டில் பக் (ஹொக்கியில் அடிக்கும் ரப்பர் வட்டு) நேராக ஓடுவதில்லை, மட்டையும் தேய்கிறது. என்ன வாங்கலாம்?
– ஒரு தாய், மார்க்கம்

சொரசொரப்பான தரையில் பக் தடக்கி விளிம்பில் எழும்பி உருளும். அதற்கென்றே விற்கும் வழுவழுப்பான பிளாஸ்ரிக் பலகை 4 அடிக்கு 8 அடி இருந்தால் நல்லது. விலை அதிகம் என்றால், கட்டடப் பொருள் கடையில் கிடைக்கும், குளியலறைச் சுவருக்கு ஒட்டும் பளபளப்பான வெள்ளைப் பலகையே போதும். தரையைக் கூட்டிவிட்டு விரியுங்கள்; அடியில் ஒரு கல் இருந்தாலும் பலகை வெடிக்கும்.

கறுப்புப் பக் 5.5 முதல் 6 அவுன்ஸ். அவள் வயதுக்கு 4 அவுன்ஸ் நீல நிறப் பக்தான் சரி. பாரம் கூடிய ‘பயிற்சிப் பக்’ வேண்டாம். மணிக்கட்டால் செய்ய வேண்டியதைத் தோளால் செய்யப் பழகிவிடுவாள். மரப்பந்து ஒன்றில் பழகினால் மட்டையை மென்மையாகக் கையாள வரும்.

பலரும் கவனிக்காத விஷயம் மட்டையின் உயரம். ஸ்கேட்டோடு நிற்கும்போது மட்டை நாடியைத் தொட வேண்டும், வெறும் காலில் மூக்கை. கராஜில் சப்பாத்தோடு நிற்கிறாள், ஸ்கேட்டில் நிற்பதைவிட அவள் இரண்டு மூன்று அங்குலம் கட்டை. ஐஸுக்கு அளந்த அதே மட்டையைப் பிடித்தால் மேல்கை (மட்டையின் மேல் நுனியைப் பிடிக்கும் கை) விலாவில் முட்டி நின்றுவிடும். கை உடம்புக்கு முன்னால் சுழல இடமில்லாததால் பக்கை முழங்கையால் இழுக்கத் தொடங்குவாள். பழைய, கட்டையான மட்டை ஒன்றைக் கராஜுக்கு ஒதுக்குங்கள். புதிய மட்டையை வெட்டினால் அது விறைப்பாகும் என்பதையும் மறக்க வேண்டாம்: மட்டையில் போட்டிருக்கும் விறைப்பு எண் வெட்டாத நீளத்துக்கு உரியது. அந்த எண் பிள்ளையின் நிறையில், இறாத்தல் கணக்கில், பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 இறாத்தல் என்றால் 30.

பயிற்சி: முதல் 30 வினாடி மேல்கையால் மட்டும். பிறகு கீழ்க்கையைச் சேர்க்கலாம். அது மட்டை உள்ளே சுழலும் குழாயைப் போலத் தளர்வாக இருக்க வேண்டும், திருப்புவது மேல்கை. நீங்கள் எதிரே நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். தலை தானாக நிமிரும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தைவிடத் தினமும் 10 நிமிடம் பலன் தரும். (ஹொக்கி நட்சத்திரம் சிட்னி குரொஸ்பி சிறுவயதில் வீட்டு நிலவறையில் உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தை நோக்கி அடித்து அதை நெளித்த கதை கனடாவில் எல்லாருக்கும் தெரியும். உங்களுடையதற்கு முன்னால் ஒரு பழைய கம்பளத்தைத் தொங்கவிடுங்கள்.)

13 வயது மகன் பாரம் தூக்கக் கேட்கிறான். வளர்த்தி நின்றுவிடும் என்கிறார் மாமியார்.
– பிரம்டன் வாசகி

நிற்காது. சரியான முறையில், பார்த்துக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கச் செய்தால் எலும்பு வளர்ச்சிக்குப் பாதிப்பில்லை. அடிபடுவது எங்கே என்றால், நண்பர்களோடு ‘ஆகக்கூடியது எவ்வளவு’ என்று போட்டி போடும்போதுதான். 10 முதல் 15 தடவை தூக்கக்கூடிய பாரம். கடைசி இரண்டு தடவையில் நாரி வளைந்தால் பாரம் கூடிவிட்டது. 13 வயதுக்கு உட்பட்ட பிரிவு வரை உடல் மோதல் இல்லை என்பது நாட்டின் ஹொக்கி நிர்வாக அமைப்பான ஹொக்கி கனடா 2013இல் எடுத்த முடிவு. அதற்கு மேல் போகும் பையனுக்குக் கழுத்து, தோள், வயிற்றுத் தசை பலமாக இருப்பது அவசியம்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்த வயதில் திடீரென்று உயரும்போது முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநார் எலும்பில் பிடிக்கும் இடத்தில், நொந்து புடைக்கும். ‘வளர்த்தி நோ’ என்று விட்டுவிடாமல் சில கிழமைக்குப் பாய்ச்சலையும் ஆழமான உட்கார்தலையும் குறையுங்கள். நொண்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோடையிலும் ஐஸ் தளத்தில் நேரம் எடுத்துக் கொடுக்கலாமா? எல்லாரும் செய்கிறார்கள்.
– அஜாக்ஸ் வாசகர்

வருடம் முழுவதும் ஸ்கேட் போடும் பிள்ளைகளுக்குத் தொடை இடுக்கும் இடுப்பு மூட்டும்தான் முதலில் முறையிடும், கோல் காப்பவர்களுக்கு இன்னும் அதிகம். இரண்டு மூன்று மாதம் வேறு ஏதாவது விளையாடட்டும். ஹொக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கியே கோடையில் லக்ரோஸும் (வலை கட்டிய கோலால் பந்தைப் பிடித்து எறியும் ஆட்டம்) பேஸ்போலும் ஆடி வளர்ந்தவர். ரோலர் ஸ்கேட் நல்ல மாற்று, ஆனால் அதில் ஐஸ் போலக் காலைக் குறுக்கே திருப்பி நிறுத்த முடியாது. செப்டெம்பரில் ஐஸுக்குத் திரும்பியதும் முதல் இரண்டு நாள் இரு பக்கமும் நிறுத்திப் பழகவே போகும்; பயிற்றுநரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.