நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு: வீட்டில் செய்த ப்ரொஜெக்டருக்கு என்ன குறை?

கேள்வி: பழைய டிவிடி பிளேயரிலிருந்து கழற்றிய 7 அங்குல எல்சிடி பேனல், 100 வாட் எல்இடி, ஒரு பூதக்கண்ணாடி மூன்றையும் அட்டைப் பெட்டிக்குள் வைத்து ப்ரொஜெக்டர் செய்திருக்கிறேன். சுவரில் படம் விழுகிறது, ஆனால் நடுவில் மட்டும்தான் தெரிகிறது. 200 வாட் எல்இடி வாங்கலாமா?

பதில்: வேண்டாம், காசு வீண். இருக்கிற வெளிச்சமே பூதக்கண்ணாடிக்குள் போகவில்லை. பேனலின் ஓரத்தைத் தாண்டி வரும் ஒளி அப்படியே விரிந்துகொண்டே போய்ப் பெட்டியின் சுவரில் முட்டுகிறது, நடுவில் நேராக வருவது மட்டும் பூதக்கண்ணாடியில் நுழைகிறது.

உங்களுக்குத் தேவை இரண்டு ஃபிரெஸ்னல் லென்ஸ். புத்தகம் படிக்க விற்கிறார்களே, வரிவரியாக வட்டக் கோடு போட்ட பிளாஸ்டிக் தகடு, அதேதான். கல்லூரியில் கழித்துப்போட்ட ஓஎச்பி (ஓவர்ஹெட் ப்ரொஜெக்டர்) காயலான் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது, கண்ணாடி மேடைக்கு அடியில் இருக்கும். ஒன்றை எல்இடிக்கும் பேனலுக்கும் நடுவே, அதன் குவியத்தூரம் (தூரத்து ஒளியை லென்ஸ் ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம்) எவ்வளவோ எல்இடியிலிருந்து அவ்வளவு தள்ளி வையுங்கள், ஒளி நேர்க்கற்றையாகிவிடும். இன்னொன்று பேனலுக்கு முன்னால், அந்தக் கற்றையைக் குவித்துப் பூதக்கண்ணாடிக்குள் தள்ள. இரண்டிலும் கோடு போட்ட பக்கம் பேனலைப் பார்க்கட்டும், ஆனால் ஒட்டி வைக்காதீர்கள், இரண்டு மூன்று செ.மீ. விடாவிட்டால் அந்த வட்டங்கள் படத்திலேயே தெரியும். (குவியத்தூரத்தை வெயிலில் பிடித்து அளக்காதீர்கள், தாள் பற்றிக்கொள்ளும், தூரத்து ஜன்னலின் பிம்பம் எதிர்ச் சுவரில் தெளிவாக விழும் தூரத்தை ஸ்கேலில் அளந்தால் போதும்.)

சரியாக வைத்தோமா என்று பார்க்க, பேனலை எடுத்துவிட்டு, பூதக்கண்ணாடி இருக்கும் இடத்தில் வெள்ளைத்தாளைப் பிடியுங்கள். தட்டு அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தால் தவறு, எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கினால் சரி.

தூரக் கணக்கு சுலபம். உங்கள் பூதக்கண்ணாடியின் குவியத்தூரம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 70 அங்குலப் படம் என்றால் பத்து மடங்கு. பேனல் பூதக்கண்ணாடியிலிருந்து 22 செ.மீ., சுவர் 220 செ.மீ. இரண்டாவது ஃபிரெஸ்னலின் குவியத்தூரமும் 20 செ.மீ.க்குப் பக்கத்தில் இருந்தால் பொருந்திவிடும். பேனலைத் தலைகீழாக மாட்ட மறக்காதீர்கள், லென்ஸ் படத்தைப் புரட்டிவிடும்.

அப்புறம் சூடு. பேனலின் போலரைசர் (ஒளியை வடிகட்டும் படலம்) விழும் ஒளியில் பாதிக்கு மேல் விழுங்கிச் சூடாகிறது. படத்தில் கறுப்புத் திட்டு படர ஆரம்பித்தால் உடனே அணையுங்கள். ஆறினால் பெரும்பாலும் பழையபடி திரும்பிவிடும், தொடர்ந்து ஓட்டினால் போலரைசர் கருகிவிடும். எல்இடிக்குப் பழைய கம்ப்யூட்டரின் சிபியு ஹீட் சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகக் கட்டி) அதன் ஃபேனோடு, பேனலை உரசிக்கொண்டு காற்று போக இன்னொரு ஃபேன். பேனலின் பின்னால் இருக்கிற வெள்ளைத் தாள்களையும் தடித்த பிளாஸ்டிக் பலகையையும் எடுத்துவிடலாம், ஆனால் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் படலத்தைத் தொடாதீர்கள், அதுதான் போலரைசர், உரித்தால் படமே வராது.

இவ்வளவு செய்தாலும் கலர் எல்சிடி தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்குதான் வெளியே விடும். ராத்திரி, லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள்.