பகுத்தறிவு பற்றிய ஐரோப்பியத் தத்துவங்கள் அரசாங்கத்தை உண்மையிலேயே மாற்றினவா?

கேள்வி இது: 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியத் தத்துவவாதிகள் பகுத்தறிவைப் பற்றி எழுதிக் குவித்தது அரசாங்கத்தையும் சமூகத்தையும் நிஜமாகவே மாற்றியதா, இல்லை பாடப்புத்தகம் எழுதியவர்கள் பின்னால் ஏற்றிச் சொன்னதா?

மாற்றியது. பாடப்புத்தகத்தில் லாக், மாண்டெஸ்கியூ, ரூசோ என்று பெயர்களை வரிசையாகச் சொல்லி, அதிகாரப் பிரிவினை, மக்களாட்சி என்று முடித்துவிடுவார்கள். தப்பில்லை. ஆனால் நான் வக்கீல். என் கண்ணில் முதலில் படுவது இன்னும் சின்ன விஷயம். ஒருவனைத் தண்டிப்பவரோ, ஒருவன் மனுவைத் தள்ளுபடி செய்பவரோ, ஏன் அப்படிச் செய்தோம் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்ற விதி. இன்றைக்கு இதைப் பெரிதாக யாரும் நினைப்பதில்லை. பிரான்சில் இது வருவதற்கு ஒரு துணிக்கடைக்காரர் உயிரை விட வேண்டியிருந்தது.

அவர் பெயர் ழான் கலாஸ். துலூஸ் நகரத்தில் கடை. கத்தோலிக்க ஊரில் புராட்டஸ்டன்ட் குடும்பம். 1761 அக்டோபர் 13 இரவு, வீட்டுக்கு வந்த ஓர் இளைஞனோடு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூத்த மகன் மார்க்-அந்துவான், வயது 28, பாதியில் எழுந்து கீழே போனான். பிறகு இறங்கிப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது அவன் பிணம். யாரோ கொன்றுவிட்டார்கள் என்றுதான் குடும்பம் முதலில் சொன்னது. அப்புறம் தூக்கில் தொங்கினான் என்று மாற்றிச் சொன்னது. முதலில் பொய் சொன்னதற்குக் காரணம் இருந்தது: தற்கொலை செய்தவன் பிணத்தை முகம் தரையைப் பார்க்கக் கட்டித் தெருத்தெருவாக இழுத்துப் போவது அன்றைய தண்டனை. மகனுக்கு அந்தக் கதி வேண்டாம் என்று பெற்றவர்கள் பொய் சொன்னார்கள். அந்தப் பொய்யே அவர்களுக்கு எமனானது. கூட்டத்தில் ஒரு குரல் கிளம்பியது: 'பையன் கத்தோலிக்கனாக மாற இருந்தான், அப்பன் கொன்றுவிட்டான்.' அவ்வளவுதான், வழக்கு அந்தப் பாதையிலேயே ஓடியது.

1670-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரான்சில் குற்ற விசாரணை மூடிய அறையில் நடக்கும். மரண தண்டனைக்குரிய வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. சாட்சியத்துக்கு ஒரு கணக்கு உண்டு: முழுச் சாட்சியம், அரைச் சாட்சியம் என்று. துலூஸில் அதையும் தாண்டி, கால் சாட்சியம், அரைக்கால் சாட்சியம் என்று எண்ணுவார்கள் எனப் பிரெஞ்சு எழுத்தாளரும் தத்துவவாதியுமான வால்டேர் பின்னால் கிண்டல் செய்தார். காதில் விழுந்த வதந்திகள் எட்டு சேர்ந்தால் ஒரு முழு நிரூபணம் ஆகிவிடும்! 13 நீதிபதிகளில் 8 பேர் மரண தண்டனைக்கு வாக்களித்தார்கள். 1762 மார்ச் 10 அன்று கலாஸை முதலில் சித்திரவதை செய்தார்கள், வாயில் குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றி. பிறகு சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்தார்கள். 60 வயதைக் கடந்த மனிதர். இரண்டு மணி நேரம் கழித்து கழுத்தை நெரித்து முடித்தார்கள். கடைசிவரை அவர் நான் நிரபராதி என்றே சொன்னார். தீர்ப்பில் காரணம் என்று ஒரு வரி இல்லை. எழுதும் வழக்கமே இல்லை.

செய்தி வால்டேருக்குப் போனபோது அவரும் முதலில் நக்கலாகத்தான் எடுத்துக்கொண்டார். ஜெனீவாவுக்குத் தப்பி வந்திருந்த கலாஸின் இளைய மகனைக் கூப்பிட்டு விசாரித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. அதன்பின் அவர் செய்ததை எந்த வக்கீலும் ரசிப்பார். கருணை காட்டுங்கள் என்று கெஞ்சுவதோடு நிற்காமல், வழக்குக் கட்டை வெளியே காட்டுங்கள் என்று கேட்டார். வயதான ஓர் ஆள், திடகாத்திரமான 28 வயதுப் பையனைத் தனியாகத் தூக்கில் மாட்ட முடியுமா? முடியாது என்றால் மேசையில் இருந்த அத்தனை பேரும் கூட்டாளிகள். அப்படியானால் தாயையும், வீட்டுக்கு வந்தவனையும், வேலைக்காரியையும் எப்படி விட்டீர்கள்? இறந்தவனின் தம்பியை ஏன் வெறுமனே நாடு கடத்தினீர்கள்? ஒரே வழக்கு, ஒரே சாட்சியம், ஒருவருக்குச் சக்கரம், மற்றவர்களுக்கு விடுதலையா? இந்தக் கேள்விக்கு துலூஸிடம் பதில் இல்லை. 1763 மார்ச்சில் அரசவை ஆவணங்களை அனுப்பச் சொன்னது. 1764-இல் தீர்ப்பு ரத்து. 1765 மார்ச் 9-இல் கலாஸ் குற்றமற்றவர் என்று அறிவித்தார்கள். செத்து மூன்று வருடம் ஆகியிருந்தது.

இதே நேரத்தில் மிலானில் பெக்காரியா என்ற 26 வயது இளைஞர், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறிய புத்தகத்தை 1764-இல் பெயர் போடாமல் வெளியிட்டார். சித்திரவதை பற்றி அவர் சொன்னது மிக எளிமையானது: அது உண்மையைச் சோதிப்பதில்லை, உடம்பைச் சோதிக்கிறது. பலசாலியான குற்றவாளி தாங்கித் தப்பிப்பான், பலவீனமான நிரபராதி ஒத்துக்கொண்டு சாவான். தண்டனை கொடூரமாக இருப்பதைவிட நிச்சயமாகக் கிடைப்பதுதான் குற்றத்தைக் குறைக்கும் என்றார். இதற்கு மறுவாதம் வைக்க எல்லோரும் சிரமப்பட்டார்கள். இத்தாலியில் டஸ்கனியை ஆண்ட லியோபோல்ட் 1786-இல் மரண தண்டனையையே சட்டத்திலிருந்து எடுத்தார். பிரான்சில் 16-ஆம் லூயி, ஒப்புதல் வாக்குமூலம் வாங்கச் செய்யும் சித்திரவதையை 1780-இல் நிறுத்தினார். கூட்டாளிகள் பெயரைக் கறக்கச் செய்வதை 1788-இல். மன்னராட்சி நடக்கும்போதே, பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பே நடந்தவை இவை. பிறகு 1790 ஆகஸ்ட்டில் வந்த நீதித்துறைச் சட்டம், தீர்ப்பில் காரணங்களை எழுத வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

இந்த விதியின் அருமை மேல்முறையீடு போடும் ஆளுக்குத்தான் தெரியும். கட்சிக்காரர் தீர்ப்பு நகலைக் கொண்டுவந்தால் நான் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பதில்லை, தோற்றதால்தானே வந்திருக்கிறார். நடுப்பக்கங்களைப் பார்ப்பேன். நீதிபதி எந்தச் சாட்சியை நம்பினார், எந்த ஆவணத்தை விட்டுவிட்டார், எந்த இடத்தில் தாவினார் என்பது அங்கேதான் இருக்கும். காரணம் எழுதாத தீர்ப்பில் கை வைக்கவே இடம் இருக்காது.

ஆனால் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. 1791-இல் புரட்சிக்காரர்கள் குற்ற வழக்குகளுக்கு ஜூரி முறையை, அதாவது சாதாரணக் குடிமக்களே தீர்ப்புச் சொல்லும் முறையை, கொண்டுவந்தார்கள். கால், அரைக்கால் கணக்கின் மேல் இருந்த வெறுப்பில், ஜூரி தன் மனசாட்சியைக் கேட்டு முடிவு சொன்னால் போதும், எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்று சட்டம் கேட்காது என்று வைத்தார்கள். ஆக, சில்லறைக் கடன் வழக்கில் நீதிபதி காரணம் எழுத வேண்டும். தலை போகிற கொலை வழக்கில் ஜூரி எழுத வேண்டாம். ஜூரி அமரும் பிரெஞ்சு நீதிமன்றங்களில் தண்டனைக்குக் காரணம் எழுதுவது 2012-இல்தான் கட்டாயமானது. கலாஸ் வழக்குக்கு 250 வருடம் கழித்து!

இன்னொரு பக்கமும் இருக்கிறது, பகுத்தறிவை விமர்சிப்பவர்கள் காட்டும் பக்கம். அதிலும் உண்மை உண்டு. பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் 1637-இல், காலப்போக்கில் கண்டபடி வளர்ந்த பழைய ஊர்களைவிட, வெறும் சமவெளியில் ஒரே பொறியாளர் திட்டம் போட்ட ஊர் ஒழுங்காக இருக்கும் என்று எழுதினார். அவர் ஜாக்கிரதையான மனிதர். ஒரு தனி ஆள் ஒரு நாட்டையே இடித்துக் கட்டக் கிளம்புவது சரியல்ல என்றும் அதே இடத்தில் சொல்லிவைத்தார். பின்னால் வந்த புரட்சிக்காரர்கள் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். 1789 செப்டம்பரில் பிரான்சைச் சதுரம் சதுரமாக, ஏறக்குறைய 18 லீக் (அந்தக் காலத் தூர அளவு) பக்க அளவில் 80 துண்டுகளாக வெட்டி, பாரிஸை 81-ஆவதாக வைக்கலாம் என்று ஒரு திட்டம் வந்தது. மலையும் ஆறும் மனிதர்களும் இருக்கிறார்களே என்று சபை உறுப்பினர் மிராபோ எதிர்த்தார். கடைசியில் பேரம் பேசி 83 மாவட்டங்கள் ஆயின. சதுரமெல்லாம் போய், ஆறு மலைகளின் பெயர்கள் வந்தன. அது நிலைத்தது. மீட்டரும் கிலோகிராமும்கூட நிலைத்தன, ஆனால் முழுதாகக் கட்டாயமாக 1840 வரை ஆனது. 1793-இல் கொண்டுவந்த, ஒரு நாளைப் பத்து மணியாகப் பிரித்த கடிகாரம் 1795-இலேயே நின்றது. பத்து நாள் வாரம் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. அதில் ஏழு நாளைக்கு ஒரு லீவு இருந்த இடத்தில் பத்து நாளைக்கு ஒரு லீவு. கூலிக்காரன் ஒத்துக்கொள்வானா?

இவை வேடிக்கை. வேடிக்கை இல்லாதது ஒன்று: 1793 நவம்பரில் பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் பகுத்தறிவுக்கு விழா எடுத்தார்கள். ஏழே மாதத்தில், 1794 ஜூன் 10-இல் ஒரு சட்டம் வந்தது. சதிகாரர்களுக்கு வக்கீல் கிடையாது, ஆதாரம் இருந்தால் சாட்சி விசாரணை வேண்டாம், தண்டனை மரணம் மட்டும். துலூஸின் மூடிய அறையைவிட இது மோசம். விழா எடுத்தவர்களும் இந்தச் சட்டம் போட்டவர்களும் ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் எதிராளி பேச ஒன்றுமில்லை என்று முடிவு கட்டியதில் இரண்டு கூட்டமும் ஒன்றுதான். பகுத்தறிவு கேள்வி கேட்கும் இடத்தில் இருந்தவரை நன்றாக வேலை செய்தது, நாற்காலியில் உட்கார்ந்ததும் கேள்வியை நிறுத்தச் சொன்னது என்பது என் கணிப்பு.

சமூகம் என்று கேட்டிருப்பதால் பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்ணுக்கும் பகுத்தறிவு இருக்கிறது, பின் ஏன் ஆணுக்குள்ள உரிமைகள் இல்லை என்று பிரெஞ்சுத் தத்துவவாதி கொந்தோர்சே 1790-இலேயே கேட்டார். அந்த வாதத்துக்கும் பதில் இல்லை; இருந்தும் 1804-இல் வந்த நெப்போலியன் சட்டத் தொகுப்பு, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று 213-ஆம் பிரிவில் எழுதிவைத்தது. கணவன் அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் பிரெஞ்சு மனைவிக்கு 1965-இல்தான் சட்டம் வழிவிட்டது. வாதத்தில் ஜெயிப்பதற்கும் சட்டத்தில் ஜெயிப்பதற்கும் நடுவே 175 வருடம்.

சரி, அரசு அலுவலகங்கள்? நீதிபதிகளுக்கு 1790-இல் வந்த கட்டாயம் பிரெஞ்சு அதிகாரிகளுக்கு வர 1979 ஆனது: ஒருவருக்குப் பாதகமான முடிவு எடுத்தால் காரணம் எழுத வேண்டும் என்று அந்த ஜூலையில் சட்டம் போட்டார்கள். இந்தியாவில், நீதி சார்ந்த முடிவெடுக்கும் அதிகாரிகள் பொதுவாகக் காரணம் பதிவுசெய்ய வேண்டும் என்று எஸ்.என். முகர்ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் சொன்னது. வழக்குப் போட்ட ராணுவ அதிகாரி தோற்றார், ராணுவ நீதிமன்றத்துக்கு விதிவிலக்கு என்று. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(d) பிரிவு, பாதிக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்வதை ஒவ்வொரு பொது அலுவலகத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. இருந்தும் 'பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது' என்ற ஒற்றை வரியோடு வருகிறவர்கள் என்னிடம் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உங்களுக்கு அப்படி ஒரு கடிதம் வந்தால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் காரணம் கேட்டு எழுதுங்கள். பதிலுக்காகக் காத்திருப்பதில் மேல்முறையீட்டுக் கெடுவை மட்டும் தவற விட்டுவிடாதீர்கள், அது தனியாக ஓடும்.