பக்கத்துப் பற்கள் எப்படி இருக்கின்றன?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் அருகே விவசாயம் பார்க்கிறேன். வயது 52. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இடது கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கினார்கள். ஒரு டாக்டர் பிரிட்ஜ் போதும் என்கிறார். இன்னொருவர் இம்ப்ளான்ட்தான் என்கிறார். கழற்றி மாட்டும் பல்லே போதும், செலவு குறைவு என்பது அண்ணனின் யோசனை. எது நல்லது?

பதில்: பல் போன இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள பற்கள் எப்படி இருக்கின்றன? அதை நீங்கள் எழுதவில்லை. முடிவு பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

பிரிட்ஜ் போட அந்த இரண்டு பற்களையும் சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சீவ வேண்டும். அவற்றின் மேல் கேப் மாட்டி, நடுவில் செயற்கைப் பல்லைத் தாங்கவைப்பார்கள். சீவிய எனாமல் மறுபடி வளராது. சொத்தையே இல்லாத பல்லை இதற்காகச் சீவ எனக்கு மனம் வருவதில்லை. அவை ஏற்கெனவே வேர் சிகிச்சை செய்த பற்கள் என்றால் கதை வேறு. எப்படியும் கேப் தேவைப்படும் பற்கள்தான். பிரிட்ஜே போதும், சில வாரங்களில் வேலை முடிந்துவிடும்.

இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு. சுவீடனைச் சேர்ந்த மருத்துவ ஆராய்ச்சியாளர் பிரோனமார்க், 1950களில் முயலின் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் திணறினார். எலும்பு அதை அப்படியே பற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பிடிப்பை நம்பி 1965இல் முதல் நோயாளிக்குப் பல் கட்டினார். கீழ்த்தாடையில் அந்தப் பிடிப்பு உண்டாக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். ஒரே நாளில் பல் என்ற விளம்பரத்தைப் பார்த்து அவசரப்படாதீர்கள்.

சர்க்கரை இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி 7ஐ ஒட்டி இருந்தால் தைரியமாகச் செய்யலாம். 8ஐத் தாண்டினால் முதலில் சர்க்கரையைக் குறையுங்கள். பீடியோ புகையிலையோ இருந்தால் விட்டுவிடுங்கள். புண் ஆறுவதை அது கெடுக்கும்.

பல் போன இடத்தில் எலும்பு முதல் ஆண்டிலேயே வேகமாகத் தேயும். உங்களுக்கு இரண்டு ஆண்டு ஆகிவிட்டது. அடியில் கீழுதட்டின் உணர்ச்சிக்கான நரம்பும் ஓடுகிறது. எலும்பின் அகலத்தையும் நரம்பு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் சி.பி.சி.டி என்ற முப்பரிமாண ஸ்கேனில் அளந்த பிறகே திருகு வைக்க வேண்டும். இதற்குள் பின்பல் முன்னோக்கிச் சாய்ந்திருக்கலாம், மேல்பல் கீழே இறங்கியிருக்கலாம். இன்னும் தள்ளிப்போட்டால் எந்தப் பல்லும் வைக்க இடம் போதாமல் போகலாம்.

பல பற்கள் போனவர்களுக்குக் கழற்றி மாட்டும் செட் நல்ல உதவி. ஒற்றைக் கடைவாய்ப்பல்லுக்கு அதை நான் சொல்வதில்லை. நிலக்கடலை மெல்லும்போது துணுக்கு அடியில் புகுந்து ஈறைக் குத்தும். கடைசியில் அது சட்டைப் பையிலேயே கிடக்கும். ஒற்றைப் பல் செட் சிறியது, நழுவித் தொண்டைக்குள் போகும் ஆபத்தும் உண்டு. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

பக்கத்துப் பற்கள் நன்றாக இருந்து, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால் என் தேர்வு இம்ப்ளான்ட். அதில் சொத்தை வராது. ஆனால் சுற்றியுள்ள ஈறில் சீழ் பிடித்து எலும்பு கரையலாம், தொடக்கத்தில் வலியே தெரியாது. ஆகவே தினமும் இரவில் பல்லிடுக்கு பிரஷ்ஷால் சுத்தம் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும். அடுத்த முறை மஞ்சள் விற்க ஈரோடு போகும்போதே ஸ்கேனை எடுத்துவிடுங்கள்.