வாங்கியவர் கேட்கிறார்: ‘இறுதிப் பலி’க்குப் பிறகும் ஒன்பது படங்கள்

‘சில்ட்ரன் ஆஃப் த கார்ன்’ என்ற ஹாலிவுட் திகில் படவரிசையை வாங்கப்போய் ஏமாந்தவர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டதால், இந்த வாரம் முழுவதும் அதற்கே. கதை தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் காட்லின் என்றொரு கற்பனை ஊர். மக்காச்சோளக் காட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒன்றின் பேச்சைக் கேட்டு, ஊர்ப் பிள்ளைகள் பெரியவர்கள் அனைவரையும் கொன்றுவிடுகிறார்கள். ஸ்டீபன் கிங்கின் 1977ஆம் ஆண்டுச் சிறுகதை இது. 1984இல் படமானது. 1992ஆம் ஆண்டின் இரண்டாம் பாகத்தில், உயிரோடு மிஞ்சிய பிள்ளைகளைப் பக்கத்து ஊரான ஹெமிங்ஃபோர்டில் குடியேற்றுகிறார்கள். அங்கும் கொலைகள் தொடர்கின்றன.

மதுரை வாசகர்: இரண்டாம் பாகத்தின் தலைப்பே ‘இறுதிப் பலி’ என்று பொருள்படுகிறது. இரண்டோடு முடிந்துவிடும் என்று நம்பி, இரண்டு டிவிடிகளையும் மைத்துனருக்குப் பரிசாகக் கொடுத்தேன். அவர் மூன்றாம் பாகம் எங்கே என்கிறார்.

பதில்: மூன்றாம் பாகம் 1995இல் வந்தது. அதன் பிறகு 1996, 1998, 1999, 2001, 2011, 2018. இவை தவிர 2009இல் தொலைக்காட்சிக்காக ஒரு மறுஆக்கம், 2020இல் எடுத்து 2023இல் திரையரங்குக்கு வந்த இன்னொன்று. ஆக, ‘இறுதி’க்குப் பின் ஒன்பது. திகில் படத் தலைப்பில் ‘இறுதி’ என்ற சொல்லை எப்போதும் நம்பாதீர்கள். ‘ஃப்ரைடே த தர்டீன்த்’ வரிசையில் 1984இல் ‘இறுதி அத்தியாயம்’ வந்தது. அடுத்த ஆண்டே ‘புதிய தொடக்கம்’ வந்துவிட்டது. மைத்துனரிடம் சொல்லுங்கள்: மூன்றாம் பாகம் சோளக்காட்டை விட்டுச் சிகாகோவுக்குப் போய்விடுகிறது. இரண்டோடு நிறுத்திக்கொண்டால் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

கோவை வாசகி: வெளிநாட்டிலிருந்து வரவழைத்த இரண்டாம் பாகத்தின் டிவிடி என் கருவியில் ஓடவில்லை. உறை பிரிக்கப்பட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார் விற்றவர்.

பதில்: டிவிடி விற்பனைக்காக உலகத்தைப் பல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்கா 1, பிரிட்டன் 2, இந்தியா 5. மண்டலம் 1க்கான வட்டு, மண்டலம் 5க்கான கருவியில் ஓடாது. வட்டும் பழுதில்லை, கருவியும் பழுதில்லை.

இந்தக் குழியில் நானும் விழுந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் முதல் பாகத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். வட்டை விட அனுப்பும் செலவு அதிகம். இரவு உணவை முடித்துக்கொண்டு வீட்டார் அனைவரும் உட்கார்ந்த பிறகு, திரையில் ஒற்றை வரி அறிவிப்பு மட்டும் வந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம், கீழ் ஓரத்தில், ஓர் உலக உருண்டைப் படத்துக்குள் 1 என்ற எண். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. விற்பனைப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால்தான் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

விற்பனைப் பக்கத்தில் மண்டல எண் குறிப்பிடப்பட்டிருந்ததா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், பக்கத்தைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். இந்தியாவில் இயங்கும் தளம் என்றால், 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவரை, கணினியில் டிவிடி இயக்கி இருந்தால் மண்டலத்தை மாற்றிப் பார்க்கலாம். பொதுவாக ஐந்து முறைதான் மாற்ற முடியும். எனவே யோசித்து மாற்றுங்கள்.

திருச்சி வாசகர்: பழைய டிவிடி விற்பவர் ஒருவர் இணையத்தில் ‘சார்லீஸ் தெரோன் நடித்த படம்’ என்று விளம்பரம் செய்திருந்தார். அந்த ஹாலிவுட் நடிகையின் ரசிகன் என்பதால் கேட்ட விலையைக் கொடுத்தேன். படம் முழுக்கத் தேடியும் கண்ணில் படவில்லை.

பதில்: நீங்கள் வாங்கியது மூன்றாம் பாகம். அதில் அவர் இருக்கிறார், ஆனால் பெயர்ப் பட்டியலில்கூட இடம்பெறாத மிகச் சிறிய வேடத்தில். அதையே படத்தின் அடையாளமாகச் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றது ஏமாற்று வேலைதான். நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. விளம்பரப்படுத்திய தன்மையில் பொருள் இல்லை என்றால், விற்பவர் அதைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று மின்வணிக விதிகளே சொல்கின்றன. எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதன் பிறகும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. இவ்வளவு சிறிய தொகைக்கா என்று தயங்காதீர்கள். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அவர் வியாபாரமே நடக்கிறது.

இந்த வரிசையில் பெரிய நட்சத்திரம் உண்மையிலேயே முதன்மை வேடத்தில் வரும் படம் வேண்டுமென்றால், நவோமி வாட்ஸ் நடித்த நான்காம் பாகம், 1996.

பெரம்பலூர் வாசகர்: நான் மக்காச்சோளம் போடுகிறவன். இரண்டாம் பாகத்தில், போன ஆண்டின் கெட்டுப்போன சோளத்தை இந்த ஆண்டுச் சோளத்தோடு கலந்து ஊர்ப் பெரியவர்கள் விற்பதாக வருகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் பிள்ளைகளின் கொலையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கலப்படம்தான் மனத்தில் நிற்கிறது. இது நிஜத்தில் நடக்கக்கூடியதா?

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இந்தப் படத்தைப் பற்றி நான் பல ஆண்டுகளாகச் சொல்ல நினைத்ததை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

படத்தை விற்பவர்கள் கொலைகளைத்தான் விற்கிறார்கள். தூக்கி நிறுத்திய வீட்டின் அடியில் நுழைந்த மூதாட்டியின் மேல் அந்த வீட்டையே இறக்குகிறார்கள். இன்னொரு மூதாட்டியின் மின்சாரச் சக்கர நாற்காலி, தொலைவிலிருந்து ஒரு சிறுவன் இயக்கும் கருவிக்குக் கட்டுப்பட்டு ஓடுகிறது. இவை வெறும் பயமுறுத்தல். உண்மையான குற்றம் சேமிப்புக் கிடங்கில் நடக்கிறது. கெட்டது என்று தெரிந்தே, நல்லதோடு கலந்து, யாரோ முகம் தெரியாத வீட்டின் சமையலறைக்கு அனுப்புகிறார்கள். துருவிப் பார்க்க வந்தவர்களைக் கொல்லவும் துணிகிறார்கள். அதைச் செய்வது பிள்ளைகள் இல்லை.

நிஜத்தில் நடக்கக்கூடியதா என்றால், நடந்துகொண்டுதான் இருக்கிறது. மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் வளரும் ஒருவகைப் பூஞ்சை, அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகிறது. கதிர் முற்றும் நேரத்து வறட்சியும் வெப்பமும், பூச்சி துளைத்த மணி, சரியாகக் காயாமல் கட்டிய மூட்டை ஆகியவையே அதற்கு வழிவிடுகின்றன. நாள்பட உண்டால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். சாதாரணமாக வேகவைப்பதால் அது அழிவதில்லை. 1960இல் இங்கிலாந்தில், கெட்ட கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சம் வான்கோழிகள் செத்த பிறகுதான் இப்படி ஒரு நஞ்சு இருப்பதே தெரியவந்தது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிகளின் பழங்குடிக் கிராமங்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்கு வேறு தானியம் இல்லை. அந்த வீடுகளின் நாய்களும் செத்தன.

அமெரிக்காவில் மனித உணவுக்கான மக்காச்சோளத்தில் இந்த நஞ்சு நூறு கோடியில் 20 பங்கைத் தாண்டினால் அரசு நடவடிக்கை எடுக்கலாம். அளவைக் குறைத்துக் காட்டுவதற்காகக் கெட்டதை நல்லதோடு கலப்பதை அங்கே பொதுவாகக் கலப்படமாகவே பார்க்கிறார்கள். ஹெமிங்ஃபோர்டின் பெரியவர்கள் செய்தது அதைத்தான்.

என் வீட்டிலும் இது நடந்தது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்று ஒரு கடையில் அரை மூட்டை நிலக்கடலை வாங்கினேன். மேலே கைவிட்டு அள்ளியபோது ரோஜா நிறத்தில் ஒரே சீரான பருப்பு. பத்து நாள் கழித்து, பாதிக்குக் கீழே போனதும், சுருங்கி, தோல் கறுத்து, விரல் பட்டால் பச்சையும் மஞ்சளுமாகத் தூள் ஒட்டும் பருப்புகள் வந்தன. கசப்பு நாக்கில் பட்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அதற்குள் பேரப்பிள்ளைகள் எவ்வளவு தின்றிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. பழையதை அடியிலும் புதியதை மேலேயும் போட்டு மூட்டையைத் தைத்த கை ஒன்று இருக்கிறது. அது தற்செயல் இல்லை. அந்தக் கையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் விளைவிப்பவர் என்பதால் ஒரு வேண்டுகோள். ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே இறங்கும் வரை காயவையுங்கள். மழையில் நனைந்த குவியலைத் தனியாகவே வையுங்கள். வியாபாரி ‘கலந்து தள்ளிவிடலாம்’ என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். வாங்குகிறவர்களுக்கு: மூட்டையின் வாயை மட்டும் பார்க்காதீர்கள். நடுவிலும் அடியிலும் குத்தி எடுத்துப் பாருங்கள். பூஞ்சை பிடித்ததைக் கழுவி உலர்த்திச் சாப்பிடாதீர்கள். கோழிக்கும் மாட்டுக்கும் போடாதீர்கள். மாட்டுக்குள் போனது பாலில் வரும்.

டொராண்டோ வாசகர்: விடுமுறைக்கு நெப்ராஸ்கா சென்று காட்லினையும் ஹெமிங்ஃபோர்டையும் பார்க்க, ஒரு பயண முகவர் சுற்றுலாத் திட்டம் தருகிறார். முன்பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். காட்லின் கற்பனை ஊர். ஹெமிங்ஃபோர்டு என்ற பெயரில் நெப்ராஸ்காவில் ஊர் உண்டு. ஆனால் இரண்டாம் பாகத்தை எடுத்தது வட கரோலைனா மாநிலத்தின் லிபர்ட்டி பகுதியில். முதல் பாகத்தை எடுத்தது ஐயோவாவில்.

சென்னை வாசகர்: என் பதினொரு வயது மகன் ஓடிடி தளத்தில் முதல் பாகத்தைத் தனியாகப் பார்த்துவிட்டு இரவில் தூங்க மறுக்கிறான். ஆண்டுச் சந்தாவைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: எந்த அடிப்படையில்? 2021ஆம் ஆண்டு விதிகளின்படி தளங்கள் வயதுப் பிரிவைக் காட்ட வேண்டும், 13 வயதுக்கு மேற்பட்டோருக்கான படங்களுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும். அந்தப் பூட்டைப் போட்டீர்களா என்று உங்கள் நீண்ட கடிதத்தில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சந்தாவுக்குப் பணம் கட்ட நேரம் இருந்தவருக்குப் பூட்டுப் போட ஐந்து நிமிடம் இல்லையா? பூட்டைப் போட்டும் படம் திறந்திருந்தால் எழுதுங்கள், உங்களுக்காக நானே சண்டை போடுகிறேன்.

பையனுக்கு மட்டும் ஒரு செய்தி சொல்லுங்கள். பிள்ளைகளின் தலைவன் ஐசக்காக வரும் ஜான் ஃபிராங்க்ளின் சிறுவனே இல்லை. நடித்தபோது இருபது வயதைத் தாண்டியவர். வளர்ச்சி ஹார்மோன் குறைபாட்டால் உருவத்தில் சிறியவர். இது தெரிந்தால் பயம் கொஞ்சம் விடும். சில நாள் அவன் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள்.

ஈரோடு வாசகர்: பதினொரு படமும் ஒரே பென்டிரைவில், 100 ரூபாய்க்குத் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: திருட்டுப் பிரதி. வாங்காதீர்கள்.

திருநெல்வேலி வாசகர், பழைய டிவிடி கடை நடத்துபவர்: 1984ஆம் ஆண்டுப் படம் கேட்டவருக்கு, அதே பெயரில் இருந்த 2009ஆம் ஆண்டுப் படத்தைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. அவர் இன்னும் வந்து கேட்கவில்லை. கேட்டால் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: அவர் எண் உங்களிடம் இருந்தால் இன்றே கூப்பிடுங்கள்.